பயிற்சியாளரின் மற்ற சொற்கள்

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் நியூட் ராக்னியின் உரை அளவுக்குப் புகழ்பெற்ற பயிற்சியாளர் உரை அரிது. 1928 நவம்பர் 10 அன்று நியூயார்க்கின் யாங்கி அரங்கில், அவருடைய நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, அந்தப் பருவத்தில் அதுவரை தோல்வியே காணாத ராணுவக் கல்லூரி அணியை எதிர்த்து ஆடியது. எட்டாண்டுகளுக்கு முன், 1920 டிசம்பரில், 25 வயதில் நோயுற்று இறந்த ஜார்ஜ் கிப் என்ற நோட்ர டேம் வீரரின் கடைசி வேண்டுகோளை ராக்னி அன்று தன் அணியிடம் சொன்னார். அணி தளர்ந்து நிற்கும் ஒரு நாளில் தனக்காக ஓர் ஆட்டத்தை வென்று தர வேண்டும் என்று கிப் கேட்டுக்கொண்டாராம். நோட்ர டேம் 12–6 என்ற கணக்கில் வென்றது. 1940-இல் ராக்னியின் வாழ்க்கை திரைப்படமானபோது கிப்பாக நடித்தவர் ரொனால்டு ரீகன். அந்த வாசகம் அவருடைய அரசியல் மேடைகள்வரை அவரோடு சென்றது.

கிப் மரணப் படுக்கையில் அப்படிக் கேட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. அந்த ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பருவத்தின் மற்ற ஆட்டங்களைப் பார்ப்போம். உரை நிகழ்த்திய ஒரே வாரத்தில் நோட்ர டேம் கார்னகி டெக் அணியிடம் 27–7 என்று தோற்றது. டிசம்பர் 1 அன்று தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் 27–14 என்று மீண்டும் தோற்றது. ஐந்து வெற்றி, நான்கு தோல்வி என்று முடிந்த 1928, ராக்னியின் பயிற்சிக் காலத்திலேயே மிக மோசமான ஆண்டு. அவருடைய அணி 1929-இலும் 1930-இலும் ஓர் ஆட்டத்தைக்கூட இழக்கவில்லை. தோற்காத அந்த இரண்டு ஆண்டுகளில் மைதானத்தில் அவர் நாள்தோறும் என்ன பேசினார் என்பதை இன்று நினைவுகூர்வோர் அரிது. தோல்விகள் நிறைந்த ஆண்டில் பேசிய ஒரு வாசகம்தான் நிலைத்திருக்கிறது.

பயிற்சியாளர்களின் பொன்மொழிகளைத் தொகுப்பவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இங்கேதான் எழுகிறது. ஒரு வீரரை உருவாக்குவது எந்தச் சொற்கள்? நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வரிகளா, அவற்றைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டு யாரும் குறித்து வைக்காத சொற்களா? அப்படிக் குறித்து வைக்காத சொற்களை இரண்டு ஆய்வாளர்கள் ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். பயிற்சியாளர்களின் மொழி பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறது.

எண்ணப்பட்ட சொற்கள்

ஜான் வுடன் 1910-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றியவர். 1948-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (யூ.சி.எல்.ஏ.) கூடைப்பந்துப் பயிற்சியாளரானார். அவருடைய அணி முதல் தேசியப் பட்டத்தை வெல்ல 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு 1975-க்குள் பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்கள் வந்தன. அவற்றில் ஏழு, 1967 முதல் 1973 வரை இடைவிடாமல் கிடைத்தவை. 1971-க்கும் 1974-க்கும் இடையில் தொடர்ச்சியாக 88 ஆட்டங்களை வென்றார்கள். கரீம் அப்துல் ஜப்பார், பில் வால்டன் போன்றவர்கள் அவரிடம் பயின்றவர்கள்.

ரோலண்ட் தார்ப், ரொனால்டு கல்லிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அப்போது ஹவாயில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கான தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றில் ஈடுபட்டிருந்தார்கள். படிப்பில் பின்தங்கும் குழந்தைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது அவர்களுடைய கவலை. தேர்ந்த ஆசிரியர் ஒருவரை நெருக்கமாகக் கவனிக்க விரும்பினார்கள், வுடனைத் தேர்ந்தெடுத்தார்கள். 1974–75 பருவத்தில் பதினைந்து பயிற்சி அமர்வுகளில், ஏறத்தாழ 30 மணி நேரம், அவர் சொன்னதையும் செய்ததையும் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 கற்பித்தல் செயல்கள் பதிவாயின. ஆய்வு 1976-இல் வெளிவந்தது.

உணர்ச்சிமிக்க உரைகளையோ தட்டிக்கொடுக்கும் பாராட்டுகளையோ எதிர்பார்த்துப் போகும் எவரையும் அந்தப் பதிவு திகைக்க வைக்கும். பதிவானவற்றில் 50.3 விழுக்காடு நேரடி அறிவுறுத்தல்கள். எதை எப்படிச் செய்வது என்பதைச் சொல்லும் வெறும் செய்திகள். 12.7 விழுக்காடு, முன்பு சொல்லிக்கொடுத்ததை இன்னும் வேகமாகச் செய் என்று முடுக்கும் சொற்கள். பாராட்டு 6.9 விழுக்காடு. வெறும் கண்டிப்பு 6.6 விழுக்காடு. கண்டித்த கையோடு சரியான முறையையும் சொல்லிக்கொடுப்பது 8 விழுக்காடு. கண்டிப்பு வந்த இடங்களில் பாதிக்கு மேல், அதே மூச்சில் திருத்தமும் வந்திருக்கிறது.

இந்தச் சொற்கள் நீண்டவையும் இல்லை. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வீரரைப் பெயர் சொல்லி அழைத்து, ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிடுவார். போட்டியில் எந்த இடத்திலிருந்து எறிய வாய்ப்பு வருமோ அந்த இடத்திலிருந்தே எறிந்து பழகச் சொல்வார். எறிதலுக்கும் எறிதலுக்கும் இடையில் பந்தைத் தட்டி ஓடச் சொல்வார். தோழர் அனுப்பும் பந்தை எதிரியிடமிருந்து பறிப்பதுபோல் பிடிக்காமல் மென்மையாக வாங்கச் சொல்வார். தவறு நடந்தால் ஆட்டத்தை நிறுத்துவார். சரியான முறையைத் தானே செய்துகாட்டுவார். அடுத்து அந்த வீரர் செய்த தவறான முறையை அப்படியே நடித்துக் காட்டுவார். மறுபடி சரியான முறையைக் காட்டுவார். இந்த மூன்றும் சேர்ந்து சில நொடிகளில் முடிந்துவிடும். ஆட்டம் மீண்டும் ஓடத் தொடங்கும்.

இந்தச் சுருக்கம் தானாக வந்ததில்லை. அன்றைய பயிற்சியின் ஒவ்வொரு நிமிடத்தையும் வுடன் முன்கூட்டியே திட்டமிட்டுச் சிறு அட்டைகளில் எழுதி எடுத்துவருவார். பயிற்சி நடத்தும் நேரத்துக்கு ஈடான நேரத்தை அதைத் திட்டமிடுவதில் செலவிடுவார். ஆண்டின் முதல் பயிற்சியில் காலுறை அணிவதையே பாடமாக நடத்தினார். காலுறையில் சுருக்கம் விழுந்தால் பாதத்தில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி தடைபடும். பயிற்சி தடைபட்டால் ஆட்டம் கெடும். நாட்டின் தலைசிறந்த இளம் வீரர்களுக்குப் பெருமைக்குரிய பயிற்சியாளர் சொன்ன முதல் சொற்கள் இவைதாம்.

ஆய்வு நடந்த அந்தப் பருவமும் கவனத்துக்குரியது. முந்தைய ஆண்டில் பட்டத்தை இழந்திருந்தார்கள். வால்டன் படிப்பை முடித்து வெளியேறியிருந்தார். நட்சத்திரம் இல்லாத அந்த அணி 1975 மார்ச் 31 அன்று கெண்டக்கி அணியை 92–85 என்று வென்று வுடனுக்குப் பத்தாவது பட்டத்தைத் தந்தது. அந்த ஆட்டத்தோடு அவர் ஓய்வு பெற்றார். ஆய்வாளர்கள் எண்ணியது, வெற்றிக்கு இட்டுச்சென்ற அந்த மாதங்களின் சொற்களைத்தான்.

பொன்மொழி எங்கே பிறந்தது

வுடனிடம் பொன்மொழிகள் இல்லாமல் இல்லை. விரைந்து செயல்படு, அவசரப்படாதே என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது. மாணவர் கற்றுக்கொள்ளும்வரை ஆசிரியர் கற்பித்ததாக ஆகாது என்பது இன்னொன்று. இவை இன்று சுவரொட்டிகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் வலம்வருகின்றன. ஆனால் முதல் வாசகத்தை அவருடைய வீரர்கள் கேட்ட இடம் வேறு. மூன்று பேர் முன்னேறி வர, இரண்டு பேர் தடுக்கும் பயிற்சியில், ஒருவர் கண்மண் தெரியாமல் பாய்ந்து பந்தை இழந்த நொடியில் அதைக் கேட்டார்கள். அப்படிப் பலமுறை கேட்ட பிறகு, அந்த வாசகத்தைக் கேட்டதும் பாதம் எங்கே நிற்க வேண்டும், கண் எதைப் பார்க்க வேண்டும் என்பது உடலுக்குத் தெரிந்திருக்கும். வாசகம் அந்தப் பாடத்தின் சுருக்கக் குறிப்பாக ஆகிவிடுகிறது. பாடம் நடக்காத இடத்தில் அதே வாசகம் ஒரு நல்ல வாக்கியமாக மட்டுமே நின்றுவிடும்.

வெற்றி பற்றி வுடன் தன் வீரர்களிடம் பேசுவதைத் தவிர்த்தார். உணர்ச்சியை ஏற்றிவிட்டால் அது இறங்கவும் செய்யும் என்பது அவருடைய கணிப்பு. அதனால் ஆட்டத்துக்கு முன் முழங்கும் உரைகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் வேலை பயிற்சி நாட்களிலேயே முடிந்துவிட்டது, ஆட்டம் தொடங்கியபின் வீரர்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்று கருதினார். வெற்றி ஒன்றே எல்லாம் என்ற புகழ்பெற்ற வாசகத்தை வின்ஸ் லொம்பார்டியின் பெயரில் பலரும் கேட்டிருப்போம். லொம்பார்டிக்கு முன்பே அதைச் சொன்னவர் ரெட் சாண்டர்ஸ். 1950-களில் அதே யூ.சி.எல்.ஏ. வளாகத்தில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் அவர். ஒரே வளாகத்தில் நேர் எதிரான இரண்டு பயிற்சி மொழிகள் ஒலித்திருக்கின்றன. மேற்கோளாக அதிகம் பரவியது சாண்டர்ஸின் மொழி. கல்வியாளர்கள் திரும்பத் திரும்பப் படித்துவருவது வுடனின் மொழி.

அறிவுறுத்தும் சொல்லிலும் நுட்பம் உண்டு. உடலசைவுக் கல்வியை ஆராயும் கேப்ரியேல் வுல்ஃப் 1998-இல் சக ஆய்வாளர்களுடன் ஒரு சோதனையை வெளியிட்டார். பனிச்சறுக்கைப் போன்ற அசைவைத் தரும் கருவியில் பழகியவர்களில் ஒரு சாராரிடம் தங்கள் பாதங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம் கருவியின் சக்கரங்களைக் கவனிக்கச் சொன்னார்கள். சக்கரங்களைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். கூடைப்பந்தில் மணிக்கட்டைக் கவனித்து எறிவதைவிடக் கூடையின் வளையத்தைக் கவனித்து எறிவது குறி தவறாமல் இருக்க உதவுகிறது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதை அண்மைக்கால மறுஆய்வுகள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கின்றன. என்றாலும், ஒரு பயிற்சியாளர் எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்கிறார் என்பது வீரரின் கவனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று யோசிக்க அவை நம்மைப் பழக்குகின்றன.

வெம்ப்ளியும் லேக் பிளாசிடும்

இந்தப் பின்னணியோடு, உண்மையாகவே ஆட்டத்தின் போக்கோடு இணைந்து நினைக்கப்படும் இரண்டு வாசகங்களைப் பார்க்கலாம்.

1966 ஜூலை 30, லண்டன் வெம்ப்ளி அரங்கு, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம். இங்கிலாந்து 2–1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடியப்போகும் 89-ஆவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் வொல்ப்காங் வேபர் கோல் அடித்துச் சமன் செய்தார். கைக்கு வந்த கோப்பை நழுவியது. கூடுதல் நேரம் தொடங்கும் முன் பயிற்சியாளர் ஆல்ஃப் ராம்சே மைதானத்துக்குள் வந்தார். தரையில் உட்காரப் போனவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். ஜெர்மானியர்கள் களைத்து விழுந்து கிடப்பதைக் காட்டினார். ஒருமுறை வென்றுவிட்டீர்கள், போய் மறுபடி வெல்லுங்கள் என்றார். இங்கிலாந்து 4–2 என்று வென்றது.

அந்தச் சொற்களில் ஆறுதல் இல்லை, வசையும் இல்லை. மூன்று செய்திகள் இருக்கின்றன. வீரர்கள் செய்துமுடித்த வேலை உண்மையானது, கடைசி நிமிட கோல் அதை அழிக்கவில்லை என்பது முதல் செய்தி. எதிரணி தங்களைவிடக் களைத்திருக்கிறது என்பது இரண்டாவது. அதற்குக் கண்முன்னே சான்று இருந்தது. எழுந்து நில் என்ற கட்டளை, செய்வதற்கு ஒரு செயலைத் தந்தது. 1963-இல் பொறுப்பேற்ற ஆண்டிலேயே இங்கிலாந்து கோப்பையை வெல்லும் என்று வெளிப்படையாகச் சொன்னவர் ராம்சே. போட்டிக்கு முன் லில்லெஷாலில் அணியை ஒன்றாகத் தங்கவைத்துக் கடுமையாகப் பழக்கியவர். கூடுதல் அரைமணி நேரம் ஓடத் தங்கள் கால்களுக்குத் தெம்பு உண்டு என்பது அவர் சொல்வதற்கு முன்பே வீரர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை அவர்கள் மறந்துபோன ஒரு கணத்தில் நினைவூட்டியது மட்டுமே அவர் செய்தது.

1980 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் ஹெர்ப் புரூக்ஸ் பேசியது இன்னும் புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களையும் அண்மையில் கல்லூரி முடித்தவர்களையும் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, சோவியத் ஒன்றியத்தின் வலிமைமிக்க அணியைச் சந்திக்க இருந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் நியூயார்க்கில் அதே சோவியத் அணியிடம் 10–3 என்று தோற்றிருந்தார்கள். புரூக்ஸ் ஓர் அட்டையை எடுத்து வாசித்தார்: நீங்கள் ஆட்டக்காரர்களாகப் பிறந்தவர்கள், இங்கே இருக்க வேண்டியவர்கள், இந்தக் கணம் உங்களுடையது. அமெரிக்கா 4–3 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து பின்லாந்தையும் வென்று தங்கப் பதக்கம் பெற்றது.

2004-இல் வெளிவந்த திரைப்படத்தில் இந்த உரை நீண்டு, இசையோடு எழும் ஒரு காட்சியாகிறது. அன்று உடைமாற்றும் அறையில் பேசப்பட்டவை சில வாக்கியங்கள் மட்டுமே. அவற்றின் பின்னால் ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட பயிற்சியும் அறுபதுக்கும் மேற்பட்ட முன்னோட்ட ஆட்டங்களும் இருந்தன. 1979 செப்டம்பரில் நார்வேயில் ஓர் ஆட்டத்தை அலட்சியமாக ஆடிச் சமன் செய்தபோது, ஆட்டம் முடிந்ததும் வீரர்களைப் பனித்தரையிலேயே நிறுத்தி, விளக்குகள் அணைந்த பிறகும் முன்னும் பின்னும் விரைந்து சறுக்கவைத்தார் புரூக்ஸ். சோவியத் பாணியின் வேகத்தையும் பந்துக்கு ஈடான பக்கைக் கைமாற்றும் முறையையும் ஆழ்ந்து கற்று, அதை எதிர்க்கும் ஆட்டத்தை மாதக்கணக்கில் புகட்டினார். அவரே 1960 ஒலிம்பிக் அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டவர். தான் இல்லாத அந்த அணி தங்கம் வென்றதைப் பார்த்தவர். இந்தக் கணம் உங்களுடையது என்று அவர் சொன்னபோது, அந்தக் கணத்தின் விலை என்ன என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவர்களுக்கும் தெரியும். மூன்றாவது பகுதி தொடங்கும்போது 3–2 என்று பின்தங்கியிருந்தவர்கள் இரண்டு கோல் அடிக்கும் அளவுக்கு ஓடினார்கள். அந்த ஓட்டத்தை நார்வே இரவைப் போன்ற பொழுதுகள்தாம் தந்தன.

கடுஞ்சொல்லும் பாராட்டும்

கடுமை இல்லாமல் வீரர்கள் உருவாவதில்லை என்று நம்பும் பயிற்சியாளர்கள் நம்மிடமும் நிறைய உண்டு. புரூக்ஸின் கதையை அவர்கள் தங்கள் பக்கம் சாட்சியாக அழைக்கக்கூடும். இதையும் ஆய்வுகள் தொட்டிருக்கின்றன. பேரி ஸ்டா, கேத்ரின் டிசெல்ஸ், பீட்டர் டி கோய் ஆகியோர் வட கலிபோர்னியாவின் பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் 23-இல், இடைவேளையின்போது பயிற்சியாளர்கள் பேசிய 304 உரைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். 2019-இல் வெளிவந்த முடிவு இரண்டு பக்கம் கொண்டது. இடைவேளையில் ஓரளவு கோபமும் அதிருப்தியும் காட்டப்பட்ட அணிகள் இரண்டாம் பாதியில் முன்னேறின. கோபம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஆட்டம் சரியத் தொடங்கியது. முடிவின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தங்கள் கத்தலுக்கு அறிவியல் சான்றாகக் காட்டுபவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சான்று இன்னும் தெளிவு. சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970-களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களின் பேச்சை ஆராய்ந்தார்கள். முயற்சியைப் பாராட்டுவது, தவறுக்குப் பின் ஊக்கத்தோடு திருத்தத்தையும் சொல்வது, தண்டனையைத் தவிர்ப்பது ஆகியவற்றை ஒரு குறுகிய பயிற்சி வகுப்பில் பயிற்சியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1992-இல் வெளிவந்த ஆய்வின்படி, அந்த வகுப்பில் கலந்துகொள்ளாத பயிற்சியாளர்களிடம் ஆடிய சிறுவர்களில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு விளையாட்டையே விட்டுவிட்டார்கள். வகுப்பில் கலந்துகொண்டவர்களிடம் ஆடியவர்களில் விட்டவர்கள் 5 விழுக்காடு. இரு தரப்பு அணிகளின் வெற்றி தோல்விக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கோப்பை எண்ணிக்கை மாறாமலே, ஒரு பிள்ளை மைதானத்தில் தங்குவதா வெளியேறுவதா என்பதைப் பயிற்சியாளரின் சொல் தீர்மானித்திருக்கிறது.

பாராட்டே பேசாத ஆசிரியரும் உண்டு. சச்சின் டெண்டுல்கர் 2013 நவம்பர் 16 அன்று வான்கடே மைதானத்தில் விடைபெற்றபோது, தன் குரு ரமாகாந்த் அச்ரேக்கர் 29 ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தன்னிடம் நன்றாக ஆடினாய் என்று சொன்னதில்லை என்றார். சொன்னால் மெத்தனம் வந்துவிடும் என்று குரு அஞ்சியதாகவும், இனி ஆட்டங்களே இல்லாததால் அவர் தாராளமாகச் சொல்லலாம் என்றும் அன்போடு வேண்டினார். வுடனின் 6.9 விழுக்காடுகூட இங்கே இல்லை. அதனால் அச்ரேக்கர் பேசாமல் இருந்தார் என்று பொருளில்லை. சிவாஜி பார்க்கில் ஸ்டம்ப்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். பயிற்சி முடியும்வரை ஆட்டமிழக்காமல் நின்றால் அது சச்சினுக்கு. அப்படி வென்ற 13 நாணயங்களைச் சச்சின் பாதுகாத்து வருகிறார். தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் மைதானம் மைதானமாகக் கொண்டுபோய் ஆடவைத்தவர் அவர். ஒருமுறை பயிற்சி ஆட்டத்தை விட்டுவிட்டுப் பள்ளியின் மூத்த அணி ஆடுவதைக் காணப் போன சிறுவனிடம், நீ கைதட்ட வர வேண்டியதில்லை, உன் ஆட்டத்துக்கு மற்றவர்கள் கைதட்டும்படி ஆடு என்று கடிந்துகொண்டதைச் சச்சின் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கடிதல் தழும்பாகாமல் வழிகாட்டியாக ஆனதற்குக் காரணம் ஸ்கூட்டர் பயணங்களே. தனக்காக இவ்வளவு அலைபவர் தன்னை வெறுத்துப் பேசமாட்டார் என்பதைப் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவன்கூட உணர்வான். அலையாமல், கற்பிக்காமல், கடிதலை மட்டும் பின்பற்றுபவர் அச்ரேக்கரிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டதாக ஆகாது.

எதைத் தேட வேண்டும்

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் ஒரு முடிவு உறுதியாகிறது. நினைவில் நிற்கும் வாசகம், அதற்கு முன் நாள்தோறும் பேசப்பட்ட சாதாரணச் சொற்களின் பலத்தில்தான் நிற்கிறது. வேர் மண்ணுக்குள் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவுதான் மரம் காற்றைத் தாங்கும். அந்தப் பரப்பு இல்லாதபோது, 1928-இல் ராக்னிக்கு நேர்ந்ததுபோல, உரை ஓர் ஆட்டத்தோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

இதனால் பொன்மொழிகளை வெறுக்க வேண்டியதில்லை. ராம்சேயின் வாசகம் இல்லாமல் அன்றைய இங்கிலாந்து அணி எழுந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. தக்க நேரத்தில் தக்க சொல்லைக் கண்டெடுப்பது அரிய திறமை. அதைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் பயிற்சியாளர்களைத் தேர்ந்தெடுக்கும்போதும், விருது கொடுக்கும்போதும், அவர்களைப் பற்றி எழுதும்போதும் நாம் அந்த ஒரு திறமையையே அளவுகோலாக்குகிறோம். மேடையில் முழங்கத் தெரிந்தவர் நல்ல பயிற்சியாளராகத் தோன்றுகிறார். ஒரு சிறுமி நூறாவது முறை ஈட்டி எறியும்போது அவளுடைய முன்னங்கால் ஊன்றும் இடத்தை அமைதியாகத் திருத்தும் உடற்கல்வி ஆசிரியர் யார் கண்ணிலும் படுவதில்லை.

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இறுதியாட்டத்துக்கு முந்தைய உரையைக் கேட்டு மயங்காமல், விசேஷம் ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மைதானத்தின் ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். பயிற்சியாளர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா? தவறைச் சுட்டியதும் சரியான முறையையும் சொல்கிறாரா? சொல்வது புரிந்ததா என்று பார்த்துவிட்டு நகர்கிறாரா? இந்த மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். என்றாவது ஒருநாள் அந்தப் பயிற்சியாளர் உணர்ச்சியோடு நான்கு வார்த்தை பேச நேர்ந்தால், அதைத் தாங்கிச் செயலாக்கும் வலிமையை அவரே தன் மாணவருக்கு அதற்குள் கொடுத்திருப்பார்.